டாஃப்னி ஓராம்: பிபிசியை விட்டுப் போனபின் என்ன செய்தார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: பிபிசியின் மின்னணு ஒலிப் பட்டறையான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாஃப்னி ஓராம் ஒரு வருஷம்கூட முடியாமல் அங்கிருந்து விலகிவிட்டாரே, அப்புறம் என்ன ஆனார்? அவரை இசையமைப்பாளர் என்று சொல்வதா, ஒரு வினோதமான கருவியைச் செய்தவர் என்று சொல்வதா?

விலகியபோது ஓராமுக்கு வயது 33. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல், கென்ட் கவுண்டியில் தன் வீட்டிலேயே அமைத்துக்கொண்ட ஸ்டுடியோவில் உழைத்தார். விளம்பரம், நாடகம், சினிமா, கச்சேரி, வகுப்பு என்று எல்லா வேலையும் செய்தார். அந்தக் காசில் கையால் வரைந்த கோடுகளிலிருந்து இசை எழுப்பும் ஒரு கருவியைக் கட்டினார். இசையமைப்பாளரா, கருவி செய்தவரா என்று பிரித்துக் கேட்டால் அவர் வாழ்க்கை பிடிபடாது என்பது என் எண்ணம். பதினெட்டு வயதில் மனதில் எழுந்த ஒரே கேள்வியைத்தான் அவர் கடைசிவரை துரத்தினார். அந்தக் கேள்வியிலிருந்து பார்த்தால் பிபிசியில் சேர்ந்ததும் விலகியதும் ஒரே போக்கில் வருகின்றன.

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் டிவைசஸ் என்ற சிற்றூரில் 1925 டிசம்பர் 31 அன்று பிறந்தவர். சிறு வயதிலேயே பியானோ, ஆர்கன், இசையமைப்பு எல்லாம் கற்றார். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் இடம் கிடைத்தது. போகவில்லை. 1943ல் பிபிசியில் இளநிலை ஸ்டுடியோ பொறியாளராகச் சேர்ந்துவிட்டார். போர்க்காலம், ஆண்கள் பலர் படையில் இருந்ததால் தொழில்நுட்ப வேலைகள் பெண்களுக்குத் திறந்திருந்தன. கச்சேரி ஒலிபரப்பாகும்போது மைக்குகளின் அளவைக் கூட்டிக் குறைத்து, ஆர்கெஸ்ட்ராவின் ஒலி வானொலியில் சரியாகக் கேட்கும்படி சமன் செய்வது அவர் வேலை. இதற்கு இசையும் தெரிய வேண்டும், ஸ்கோர் எனும் இசைக்குறிப்புத் தாளையும் படிக்க வேண்டும், மின்சாரமும் தெரிய வேண்டும்.

அந்த வேலையில் இன்னொரு பொறுப்பும் இருந்தது. 1941ல் லண்டன் குவீன்ஸ் ஹால் குண்டுவீச்சில் அழிந்தபின் பெரிய கச்சேரிகள் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறியிருந்தன. மேடையில் வாசிப்பு நடக்கும்போதே அதே படைப்பின் இசைத்தட்டைச் சத்தமில்லாமல் இணையாக ஓட்டி வர வேண்டும். வான்தாக்குதலில் கச்சேரி நின்றால் அடுத்த நொடியே தட்டின் ஒலிக்கு மாற்றிவிடலாம், வீட்டில் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நேரடி ஆர்கெஸ்ட்ராவையும் பதிவான ஆர்கெஸ்ட்ராவையும் ஒரே சமயத்தில், ஒரே தாளத்தில் காதுக்குள் வைத்திருந்த பெண் சில வருஷம் கழித்து என்ன எழுதினார் என்று பார்த்தால் ஆச்சரியமே வராது.

அதற்கு முன் அந்தக் கேள்வி. 1944ல் பிபிசி நடத்திய பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆஸிலோஸ்கோப் திரையைப் பார்த்தார். மைக்கில் பேசினால் குரலின் அலை பச்சைக் கோடாகத் திரையில் நெளிகிறது. ஒலி படமாக மாறுகிறது என்றால் படத்தை ஒலியாக மாற்ற முடியாதா? நான் ஒரு கோடு வரைந்தால் அது பாடுமா? ஆசிரியர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் விடவில்லை.

1949 வாக்கில் 'ஸ்டில் பாயிண்ட்' என்ற படைப்பை எழுதி முடித்தார். சுமார் அரை மணி நேரம் ஓடக்கூடியது. இரண்டு ஆர்கெஸ்ட்ராக்கள், ஐந்து மைக்குகள், 78 சுழற்சி இசைத்தட்டுகள். ஒரு ஆர்கெஸ்ட்ரா எதிரொலி அடக்கப்பட்டு வறண்ட ஒலியில் வாசிக்கும், மற்றது கூடத்தின் எதிரொலியோடு வாசிக்கும். முன்பே பதிவான பகுதிகளைத் தட்டில் ஓட்டி, வேகத்தையும் எதிரொலியையும் அங்கேயே மாற்றி இரண்டோடும் கலக்க வேண்டும். தட்டுகளை இசைக்கருவியாகப் பயன்படுத்தியதில் அமெரிக்காவின் ஜான் கேஜ் அவருக்கு முந்தியவர், 1939லேயே செய்துவிட்டார். ஆனால் முழு ஆர்கெஸ்ட்ராவின் ஒலியை வாசிப்பின்போதே மின்னணு முறையில் மாற்றுவதற்காக ஒருவர் உட்கார்ந்து ஸ்கோர் எழுதியது என்று பார்த்தால், உலகிலேயே முதல் சிலவற்றில் இதுவும் ஒன்று. வயது இருபத்து மூன்று. பிபிசி இதை ஏற்கவில்லை. கைப்பிரதி பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2016ல் லண்டனில், ஷிவா ஃபெஷரெக்கியும் ஜேம்ஸ் புல்லியும் மீட்டெடுத்த வடிவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. 2018ல் அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி நடத்தும் ப்ராம்ஸ் இசைவிழாவில் மறுபடி ஒலித்தது. அப்போது அவர் இறந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

இதே காலத்தில் ஐரோப்பாவின் மற்ற நகரங்களில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாரிஸில் பியர் ஷெஃபர் 1948ல் ரயில் எஞ்சின்களின் ஓசையைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி இசையாக ஒலிபரப்பினார். கொலோன் வானொலியில் ஹெர்பர்ட் ஐமர்ட் முயற்சியில் 1951ல் மின்னணு இசை ஸ்டுடியோவுக்கு வித்திடப்பட்டது. புகழ்பெற்ற ஜெர்மன் இசையமைப்பாளர் ஷ்டோக்ஹாவுசன் வந்து வேலை செய்தது அங்கேதான். மிலானில் 1955ல் இசையமைப்பாளர்கள் பெரியோவும் மடேர்னாவும் தொடங்கினார்கள். மூன்றுமே அரசு அல்லது பொது வானொலி நிலையங்கள். மின்சாரத்தால் ஒலி அலையை எழுப்பும் விலையுயர்ந்த ஆஸிலேட்டர்களும் டேப் ரெக்கார்டர்களும் அங்கேதான் இருந்தன. மூன்று இடத்திலும் நிலையம் இசையமைப்பாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. லண்டனில் அந்த அழைப்பு வரவே இல்லை. மின்னணு இசைக்கு ஒரு பிரிவு வேண்டும் என்று ஓராம் வருஷக்கணக்கில் மேலிடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். பாரிஸ் ஸ்டுடியோவை நேரில் போய்ப் பார்த்தும் வந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் சும்மா இருக்கவில்லை. இரவில் ஒலிபரப்பு முடிந்தபின் ஸ்டுடியோக்களில் ஓய்ந்திருக்கும் டேப் ரெக்கார்டர்களைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரே அறையில் சேர்ப்பார். விடிய விடிய வேலை. காலை ஷிஃப்ட் தொடங்குவதற்குள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இன்று லேப்டாப்பில் இசை செய்பவர்களுக்கு இது தெரிந்தால் அந்தத் தலைமுறை மேல் மரியாதை கூடும். ஆஸிலேட்டர் ஒரு மொட்டையான சைன் அலையை, அதாவது வேறு எதுவும் கலக்காத ஒற்றை ஒலியைத் தரும். ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை, ஒரே ஓட்டமாக ஊளையிடும். அதை டேப்பில் பதிவு செய்கிறீர்கள். டேப் நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடுகிறது என்றால், அரை நொடி ஸ்வரத்துக்கு ஏழரை அங்குலம் அளந்து பிளேடால் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஸ்வரம் டக்கென்று தொடங்கும். சாய்த்து வெட்டினால் மெதுவாக எழும். ஸ்வரத்துக்கு நிறம் வேண்டுமானால் இன்னும் சில சைன் அலைகளை அதன்மேல் ஏற்றிப் பதிய வேண்டும், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் டேப்பின் இரைச்சலும் கூடும். இப்படி ஒரு துண்டு. பிறகு அடுத்த துண்டு. பிறகு ஒட்டு டேப்பால் ஒட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட இசைக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் ஆகலாம்.

இப்படித்தான் 1957ல் 'ஆம்ஃபிட்ரியான் 38' என்ற தொலைக்காட்சி நாடகத்துக்கு இசை அமைத்தார். ஒரு சைன் ஆஸிலேட்டர், ஒரு டேப் ரெக்கார்டர், ஒலியின் சில பகுதிகளை வடிகட்டத் தானே செய்த சில ஃபில்டர்கள். முழுவதும் மின்னணு ஒலியால் ஆன பிபிசியின் முதல் இசை அதுதான். அதே வருஷம் நாடகப் பிரிவில் இருந்த டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் வானொலி நாடகங்களில் இதே மாதிரிச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 'ஆல் தட் ஃபால்' அதில் ஒன்று. கேட்டவர்களுக்குப் பிடித்துப்போக, பிபிசி கடைசியில் இறங்கிவந்தது. 1958 ஏப்ரலில் மைடா வேல் கட்டிடத்தின் 13ஆம் அறையில் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் பிறந்தது.

ஆனால் பெயரைக் கவனியுங்கள். அதில் இசை என்ற சொல்லே கிடையாது. இசைப் பிரிவுக்கு இதில் அக்கறை இல்லை, நாடகப் பிரிவுக்கு இருந்தது. அவர்களுக்கு வேண்டியது பேய் வரும் காட்சிக்கு ஒரு ஓசை, பைத்தியம் பிடித்தவன் தலைக்குள் கேட்கும் ஒரு ஓசை. மாட்சிமையான மின்னணு இசை ஸ்டுடியோ ஒன்று வேண்டும் என்று கேட்டவருக்கு ஒலி விளைவுப் பட்டறை கிடைத்தது. அந்த அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குப் போனார். அங்கே பிலிப்ஸ் அரங்கத்தில் இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் மின்னணு இசை, நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வழியாக, கட்டிடக் கலைஞர்கள் ல கார்புஸியேவும் ஸெனாகிஸும் வடிவமைத்த வளைந்த சுவர்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவின் மின்னணு இசைக்காரர்கள் அங்கே கூடிப் பேசினார்கள். அதைப் பார்த்துவிட்டு 13ஆம் அறைக்குத் திரும்பி அடுத்த நாடகத்துக்கு ஓசை செய்வது எப்படி இருந்திருக்கும்! 1959 தொடக்கத்தில் ராஜினாமா செய்தார்.

பலர் இதை ஒரு சோகக்கதையாக எழுதுகிறார்கள். விரட்டப்பட்ட பெண், மறக்கப்பட்ட மேதை. மறக்கப்பட்டார் என்பது உண்மை. விரட்டப்பட்டார் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிரந்தரச் சம்பளம், ஓய்வூதியம், பதினைந்து வருஷ சர்வீஸ் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போனவர் அவர். அங்கேயே இருந்திருந்தால் அவர் பெயர் இன்று வீடு வீடாகத் தெரிந்திருக்கலாம். 1962ல் அதே பட்டறையில் சேர்ந்த டீலியா டெர்பிஷயர், அடுத்த வருஷம் ரான் கிரெய்னரின் மெட்டை 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையாக டேப்பில் செய்தார். பிரிட்டனில் அதைக் கேட்காதவர் இல்லை. ஓராமுக்கு அந்தப் புகழ் கிடைக்காததற்குக் காரணம் அவருக்கு வேறு வேலை இருந்ததுதான்.

கென்டில் ஃபேர்சீட் என்ற கிராமத்தில் ஒரு பழைய கட்டிடத்தில் குடியேறினார். பியருக்கான ஹாப்ஸ் பூக்களை உலர்த்தும் சூளையாக இருந்து வீடாக மாற்றப்பட்ட கட்டிடம். பெயர் டவர் ஃபாலி. பிரிட்டனில் தனியார் மின்னணு இசை ஸ்டுடியோக்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. ஒரு பெண் தனியாக நடத்தியது என்றால் இன்னும் அபூர்வம். வருமானத்துக்கு வந்த வேலையை எல்லாம் எடுத்துக்கொண்டார். லெகோ, நெஸ்டீ விளம்பரங்களுக்கு ஒலி. 'தி இன்னொசென்ட்ஸ்' என்ற 1961ஆம் வருஷத்துப் பேய்ப்படத்துக்கு மின்னணு ஒலிகள். படத்தில் அவர் பெயர் வரவில்லை. 1962ல் விஞ்ஞானி ஃப்ரெட் ஹாயில் எழுதிய 'ராக்கெட்ஸ் இன் அர்ஸா மேஜர்' மேடை நாடகத்துக்கு இசை.

இந்த வாடிக்கை வேலைகளில் ஒன்றை மட்டும் நின்று பார்க்கலாம். ஜெஃப்ரி ஜோன்ஸ் இயக்கி 1963ல் வெளிவந்த 'ஸ்னோ' என்ற எட்டு நிமிடக் குறும்படம். பனியில் ரயில்கள் ஓடும் படம், அவ்வளவுதான். அதற்கு ஒரு டிரம் மெட்டை ஜானி ஹாக்ஸ்வொர்த் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார். ஓராம் அந்தப் பதிவை எடுத்து இரண்டு மடங்கு நீளமாக்கினார். மெதுவாகத் தொடங்கி, ரயிலோடு சேர்ந்து வேகம் ஏறுகிறது. கனத்த ஒலியும் மெல்லிய ஒலியும் ஃபில்டரில் ஏறி இறங்குகின்றன. எதிரொலி கூடிக்கொண்டே போகிறது. எங்கே எஞ்சின் நிற்கிறது, எங்கே டிரம் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. கூலிக்குச் செய்த வேலையிலும் ஒலியின் வேகத்தையும் வளைவையும் கையில் பிடிக்க நினைக்கும் அதே மனம் தெரிகிறது.

இனி அந்தக் கருவி. 1962ல் குல்பெங்கியன் அறக்கட்டளை 3,550 பவுண்டு நல்கை தந்தது. 1965ல் மறுபடியும் கொடுத்தது. தன் பெயரையே சேர்த்து 'ஓராமிக்ஸ்' என்று அழைத்த அந்தக் கருவியை அறுபதுகளின் நடுவில் கிரஹாம் ரென்ச் என்ற பொறியாளரின் உதவியோடு இயங்க வைத்தார்.

சினிமா படச்சுருளின் ஓரத்தில் ஒலித்தடம் ஓடும். ப்ரொஜெக்டரில் அதன் வழியே ஒளி புகுந்து ஒளிமின்கலத்தில் விழுந்தால் வசனமும் பாட்டும் வரும். ஓராமிக்ஸ் அந்த அறிவிலிருந்து கிளம்பியதுதான். இரும்புச் சட்டம் ஒன்றில் பத்து 35 மில்லிமீட்டர் வெற்றுச் சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றாக நகரும். சில சுருள்களில் எந்த ஸ்வரம் என்பதைச் சிறு புள்ளிகளாக இட வேண்டும். மற்றவற்றில் கறுப்பு மையால் வளைவுகள்: சத்தம் எப்படி ஏறி இறங்க வேண்டும், ஸ்வரம் எங்கே அசைய வேண்டும், எதிரொலி எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம். மை ஒளியை மறைக்கும் அளவுக்கு மின்னழுத்தம் மாறும். ஒலியின் நிறம் தனி. அலையின் வடிவத்தைக் கண்ணாடித் துண்டில் வரைந்து செருகினால், மின்கதிர்க் குழாயின் ஒளிப்புள்ளி அந்தக் கரும்பகுதியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாகத் திரும்பத் திரும்ப ஓடும். அதன் ஏற்ற இறக்கமே அலை. 1944ல் முடியாது என்று சொன்னார்களே, அது இப்போது பாடியது.

இதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். மேற்கத்திய ஸ்கோர் தாள் எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்று துல்லியமாகச் சொல்லும். ஒரு ஸ்வரம் எழும் விதம், நடுவில் அது வளையும் விதம், அடங்கும் விதம் எல்லாம் வாசிப்பவர் கையில் விடப்படும். கமகத்தை ஸ்வரக்குறிப்பில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும். மின்னணு இசையில் வாசிப்பவரே கிடையாது. அப்படியென்றால் அந்த உயிரை யார் கொடுப்பது? அக்காலத்துக் கருவிகளில் குமிழைத் திருகினால் ஓர் அளவு நிலைத்து நிற்கும், அவ்வளவுதான். ஓராம் ஒவ்வொரு கணத்தின் நெளிவையும் இசையமைப்பவரின் கை தீர்மானிக்க வேண்டும் என்று நினைத்தார். இன்றைய இசை மென்பொருள்களில் சத்தத்துக்கும் ஃபில்டருக்கும் மவுஸால் வளைகோடு இழுக்கிறோமே, கிட்டத்தட்ட அதே எண்ணம்தான்.

ஒரு எச்சரிக்கை. உலகின் முதல் சின்தசைசர் (மின்சாரத்தால் இசை ஒலிகளை உருவாக்கும் கருவி) இவருடையது என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனத்தின் பெரிய சின்தசைசர் ஐம்பதுகளிலேயே வந்துவிட்டது. ஒலியை வரைவதும் புதிதல்ல. ஜெர்மனியில் ஃபிஷிங்கர், ஃபென்னிங்கர் இருவரும் முப்பதுகளின் தொடக்கத்திலேயே படச்சுருளில் ஒலியை வரைந்தார்கள், சோவியத் நாட்டில் அவ்ராமோவும் ஷோல்ப்போவும் செய்தார்கள், மாஸ்கோவில் முர்ஸின் கண்ணாடித் தட்டில் சுரண்டி ஒலி எழுப்பும் ஏஎன்எஸ் கருவியைக் கட்டினார். ஓராமின் தனித்துவம் வேறு. அலையின் வடிவம் ஒரு பக்கம், அதன் ஒவ்வொரு குணமும் காலத்தில் மாறும் விதம் இன்னொரு பக்கம் என்று பிரித்து, எல்லாவற்றையும் ஒரே நேரக்கோட்டில் ஒரு தனி ஆள் வரையும்படி அமைத்தார். அந்தப் பெருமை போதும். இல்லாத பட்டத்தைச் சூட்டினால் இருக்கிற பெருமையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கருவி ஏன் பரவவில்லை? ஒரு சமயத்தில் ஒரு இசை வரிதான் வரும், மற்றவற்றை டேப்பில் அடுக்க வேண்டும். வரைந்து முடித்து ஓட்டினால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். அதற்குள் 1964ல் அமெரிக்காவில் மூக் சின்தசைசர் வந்துவிட்டது. ஓராமிடம் சில பாடங்கள் கற்ற பீட்டர் ஸினோவியெஃப், தன் நிறுவனத்தின் மூலம் 1969ல் விசிஎஸ்3 என்ற சின்னச் சின்தசைசரைக் கொண்டுவந்தார். பிங்க் ஃபிளாய்ட் வரை அதை வாங்கிப் பயன்படுத்தினார்கள். தொட்டதும் பேசும் கருவிதான் ராக் இசைக்காரர்களுக்கு வேண்டியிருந்தது. ஓராமிக்ஸ் விற்பனைக்கு வரவே இல்லை, ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இசையமைப்பாளராக அவரை எடைபோடும்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: கச்சேரிக்கென்று எழுதிய முழுப் படைப்புகள் குறைவு. ஷ்டோக்ஹாவுசனின் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் மெலிந்துதான் தெரியும். ஷ்டோக்ஹாவுசனுக்குப் பின்னால் ஒரு வானொலி நிலையமும் அதன் பொறியாளர்களும் இருந்தார்கள். ஓராம் காலையில் விளம்பரத்துக்கு ஒலி செய்து, மாலையில் சர்க்யூட் பற்றிக் கடிதம் எழுதி, மீந்த நேரத்தில் இசை எழுதினார். எழுதியவற்றில் நல்லவை மிக நன்றாகவே இருக்கின்றன. 1968 ஜனவரியில் லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் பிரிட்டிஷ் இசையமைப்பாளர்களின் மின்னணு இசைக் கச்சேரி நடந்தபோது, ஸினோவியெஃப், ட்ரிஸ்ட்ரம் கேரி, டெர்பிஷயர் ஆகியோரோடு அவர் படைப்பும் இடம்பெற்றது.

1972ல் 'ஆன் இண்டிவிஜுவல் நோட்' என்று தொடங்கும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். மின்தேக்கி, மின்னோட்டம் என்று ஆரம்பித்து மனித மனம், உடலின் அதிர்வு என்று எங்கெங்கோ போகும். அறிவியல் கறாராகப் படிப்பவர்களுக்குச் சில பக்கங்கள் பொறுக்காது. ஆனால் மின்சாரத்தையும் மனிதரையும் ஒரே பார்வையில் பார்த்தவர் அவர் என்பது அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. எண்பதுகளில் கேன்டர்பரியில் ஒரு கல்லூரியில் கற்பித்தார். அறுபதை ஒட்டிய வயதில் கம்ப்யூட்டர் நிரல் எழுதவும் கற்று, ஏகார்ன் ஆர்க்கிமிடீஸ் கணினியில் ஓராமிக்ஸைக் கொண்டுவர உழைத்தார். தொண்ணூறுகளில் பக்கவாதம் தாக்கி வேலை நின்றது. 2003 ஜனவரி 5 அன்று காலமானார். அவருடைய டேப்புகளும் காகிதங்களும் இப்போது லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கருவியை லண்டன் சயன்ஸ் மியூசியம் வாங்கி 2011ல் காட்சிக்கு வைத்தது. இன்று அது இயங்கும் நிலையில் இல்லை. எழுபதுகளில் அவர் திட்டமிட்டுக் கட்டாமலே விட்ட 'மினி ஓராமிக்ஸ்' என்ற சிறிய வடிவத்தை டாம் ரிச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளர் 2016ல் கட்டி, இன்றைய இசையமைப்பாளர்கள் கையில் கொடுத்துப் பார்த்தார்.

கேட்கத் தொடங்குபவர்கள் முதலில் 'ஸ்னோ' படத்தைப் பாருங்கள், எட்டு நிமிடம்தானே. அடுத்து 1960ல் செய்த 'ஃபோர் ஆஸ்பெக்ட்ஸ்'. மெதுவாக நகரும், சைன் அலைகளா இவை என்று கேட்கவைக்கும் அளவுக்கு இளகிய ஒலி. பிறகு 1965ல் ஒரு கண்காட்சிக்காகச் செய்த 'பல்ஸ் பெர்ஸஃபனி'; தாளமும் உலோக ஒலிகளும் அதிகம், கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேட்கலாம். 'பேர்ட் ஆஃப் பாரலாக்ஸ்' நீளமானது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 2007ல் 'ஓராமிக்ஸ்' என்ற பெயரில் வந்த இரட்டை சிடித் தொகுப்பில் விளம்பர ஒலிகளும் கச்சேரிப் படைப்புகளும் கலந்து கிடைக்கும். அதை வரிசையாகக் கேட்டால் இருபது நொடி விளம்பரத்துக்கும் பெரிய படைப்புக்கும் அவர் ஒரே கவனத்தைத்தான் கொடுத்திருக்கிறார் என்பது காதிலேயே விழும்.